பெயரில்லாத எட்டு மாதங்கள்

குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிக்கு வைத்த மைப்பொட்டு காய்ந்துவிட்டது. முந்தானை நுனியில் எச்சில் தொட்டு அழுத்தித் தேய்க்கிறேன். குழந்தை வீறிடுகிறது. ஜன்னல் வழியே பார்த்தால் பைபிள் அம்மாவின் கறுப்புக் குடை தெருமுனை சைக்கிள் கடையைத் தாண்டி எங்கள் வீட்டுப் பக்கம் வருகிறது. என் மகள் பிறந்த வருஷத்தை நினைத்தால் இந்தக் காட்சிதான் முதலில் வருகிறது.

பைபிள் அம்மா என்பவர் எங்கள் சபை சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஊழியக்காரி. காஞ்சிபுரத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் கிறிஸ்தவ வீடுகளுக்குப் போய்ப் பெண்களோடு வேதம் வாசித்து ஜெபிப்பது அவர் வேலை. எங்கள் வீட்டுக்கு வியாழக்கிழமை வருவார். இரண்டு பக்கத்து வீடுகளிலும் தறி ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி ஜெபிப்பார். கண்ணை மூடியிருக்கிறாரா, இல்லை இந்து வழக்கம் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று சுற்றிலும் பார்க்கிறாரா என்று நான் பாதிக் கண் திறந்து பார்ப்பேன். குழந்தையின் இடுப்புக் கயிறு, வாசற்படியின் மேற்கட்டை, விளக்கு மாடம் என்று அவர் பார்வை போகும் இடமெல்லாம் என் பார்வையும் போகும். பார்த்ததைப் போதகரிடம் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகம். ஆசிரியைப் பயிற்சி முடித்தவள் நான். அவரைக் கண்டால் மட்டும் பாடம் ஒப்பிக்காத பிள்ளைபோல் ஆகிவிடுவேன்.

மகளுக்கு நான் முதலில் நினைத்த பெயர் டயானா. "எபேசு பட்டணத்து விக்கிரகம் அது. அப்போஸ்தலர் நடபடிகள் படிக்கலியாம்மா?" என்றார் பைபிள் அம்மா. அடுத்தது ஐரீன். அது கிரேக்கர்கள் கும்பிட்ட சமாதான தேவதை என்று எங்கோ கேட்டு வந்து சொன்னார். வேதத்திலேயே ஒரு புத்தகத்துக்கு வைத்த பெயர்தானே என்று எஸ்தரைச் சொன்னேன். "அது பாபிலோன் தேவதையோட பேரும்மா. ராஜா அரமனைக்காக வெச்சது. அவ நெசப்பேரு அத்சாள்" என்றார். அத்சாள் என்று என் குழந்தையை எப்படிக் கூப்பிடுவது?

மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. "அந்தம்மா ஒருவாட்டி வந்துட்டுப் போனா ஒரு பேரு செத்துப்போவுது. இன்னும் எத்தினி மாசம் புள்ளைய 'ஏய்'னு கூப்பிட்டுக்கினு இருக்கறது?"

பெயர் இல்லாததால் ஞானஸ்நானமும் தள்ளிப்போனது. இதற்கிடையில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், டிசம்பர் இருபத்தைந்து முன்பு சூரியனைக் கும்பிட்டவர்களின் பண்டிகை நாள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு எதையும் என்னால் சும்மா பார்க்க முடியவில்லை. மெழுகுவர்த்தி எங்கிருந்து வந்தது? நட்சத்திரம் யாருடையது? ஒருநாள் என் கணவரிடம் கேட்டேவிட்டேன். பட்டுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "உன் தாலியில தொங்கற சிலுவை நம்முது. கயிறு யாருது, அதுல பூசன மஞ்சள் யாருது? அதையும் கழட்டிடறியா?" சிரித்துவிட்டு மோர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டாம் மாதம் குழந்தைக்கு மணல்வாரி அம்மை கண்டது. உடம்பெல்லாம் சிவந்து, காய்ச்சல் இறங்கவே இல்லை. ஞானஸ்நானம் பெறாத குழந்தை இறந்தால் கல்லறையில் ஜெபம் கிடையாது, வேலி ஓரத்தில்தான் புதைப்பார்கள் என்று சிறுவயதில் கேட்டிருந்தேன். அது உண்மையா என்று யாரிடமும் கேட்கத் தைரியம் இல்லை. மாமியார் வாசலில் வேப்பிலை செருகினார். நான் எடுத்தேன். மறுபடி செருகினார். "நாங்க வேதத்துக்கு வந்து மூணு தலமொற ஆவுது. வேம்பு எப்பவாவது வேணான்னுச்சா?" என்றார். மூன்றாவது முறை நான் எடுக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை குடை தெருமுனையில் தெரிந்தபோது நான் எதையும் துடைக்கவில்லை, மறைக்கவில்லை. எங்கள் சபைப் பள்ளிக்கூட அலமாரியிலிருந்து வாங்கிவந்த பழைய வேத விளக்கவுரை ஒன்றை இரண்டு நாளாகப் படித்து வைத்திருந்தேன். அவர் உட்காருவதற்குள் ஆரம்பித்தேன்.

"ரோமர் பதினாறுல பெபேயாள்னு ஒரு சகோதரியைப் பவுல் மெச்சிச் சொல்றாரு. அந்தப் பேரும் கிரேக்கருங்க நிலாத் தேவதையைக் கூப்பிட்ட பேருதான். பவுல் அதை மாத்தச் சொன்னாராம்மா? சூரிய தேவன் பேரை வெச்சிருந்த அப்பொல்லோவை மாத்தச் சொன்னாரா? அவங்களே வெச்சிருக்கலாம், என் பொண்ணு வெச்சிக்கக் கூடாதா?"

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். சரி, போதகரிடம் போகிறார் என்று நினைத்தேன். அவரோ வேப்பிலையில் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு வந்து, குழந்தை அருகில் அமர்ந்து, சொறிந்து சிவந்த முதுகில் மெல்ல வருட ஆரம்பித்தார்.

"பத்து வயசுல என்னை மிஷன் போர்டிங்கில சேத்தாங்க. அன்னிக்கே பேரு மாத்திட்டாங்க. பழைய பேரைச் சொல்லி யாரு கூப்பிட்டாலும் ஏன்னு கேக்கக் கூடாது, அது பேயோட பேருன்னாங்க. எங்கம்மா எங்க ஊரு கூரத்துலேர்ந்து நடந்தே வருவா. கேட்டாண்ட நின்னுக்கினு, காமாட்சி, காமாட்சின்னு கூப்பிடுவா. அவளுக்கு அந்தப் பேருதானே தெரியும்? நான் கெணத்துக்குப் பின்னால நிப்பேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டுப் போயிடுவா. அப்புறம் வர்றதையே வுட்டுட்டா."

இலை நின்றது.

"அந்தப் பேருல ஒண்ணும் இல்லேன்னா, நான் எதுக்கும்மா வாய மூடிக்கினு நின்னேன்?"

ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கணம் தோன்றியதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவரே வெயிலில் போய், ஞானஸ்நானம் கொடுக்கப் போதகரை அழைத்துவந்தார். போதகர் வாசலில் நின்று வேப்பிலையை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து உள்ளே வந்தார். "பிள்ளைக்குப் பேர் என்ன?" என்று அவர் கேட்டபோது எனக்கு முன்னால் பைபிள் அம்மா சொன்னார்: "பெபேயாள்." ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கியது. வேம்பா, ஜெபமா, டாக்டர் கொடுத்த மருந்தா என்று மாமியாரும் நானும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது அவளுக்கு நான்கு வயது. பைபிள் அம்மாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போவதற்கு முன் கடைசியாக வந்த வியாழக்கிழமை குழந்தையை அவரிடம் விட்டுவிட்டுத் தெருக்குழாய்க்குப் போனேன். நிறைந்த குடத்தோடு திரும்பி வாசலுக்கு வந்தபோது உள்ளே அவர் குரல் கேட்டது. மிகத் தாழ்ந்த குரல்.

"காமாட்சி."

என் மகள் "உம்" என்றாள்.

"ஏ காமாட்சி."

"உம்."

ஞானஸ்நானம் கொடுத்த குழந்தை. முதலில் எனக்குத் தோன்றியது அதுதான். இதைப் போதகரிடம் சொல்ல வேண்டுமோ என்றுகூட நினைத்தேன். இத்தனை நாள் அவரைச் சந்தேகப்பட்ட அதே காரியம். உள்ளே மறுபடி கூப்பிட்டார். மறுபடி பதில் வந்தது. நான் சத்தமில்லாமல் திரும்பிக் குழாய்க்கே நடந்தேன்.

"இன்னாமா, ரொம்பன கொடத்தைத் தூக்கிக்கினு திரும்பி வர்றே?" என்று வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

"கலங்கலா இருக்குதுக்கா" என்று சொல்லி, தெளிந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.