மலை ப்ராஜெக்ட் எனக்கு ஏன் கிடைக்கவில்லை

சேர்ந்த முதல் நாளே மைதிலி மேடம் கேட்டுவிட்டார். "பேங்கிங், இன்சூரன்ஸ், ரூரல்... உனக்கு எந்தப் பக்கம் போகணும்?"

எங்கள் கன்சல்டிங் கம்பெனியில் யாரை எந்த ப்ராஜெக்டில் போடுவது என்று முடிவு செய்பவர் அவர். நான் விவசாயம் படித்தவன். கச்சிராயபாளையத்தில் கரும்புக்கு நடுவில் வளர்ந்தவன். ரூரல் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"நீங்க எது குடுத்தாலும் சரிங்க மேடம்" என்றேன்.

எங்கள் பக்கம் அதுதான் மரியாதை. பந்தியில்கூட இன்னும் கொஞ்சம் சோறு என்று வாய்விட்டுக் கேட்க மாட்டோம். பக்கத்தில் இருப்பவர்தான் "இந்த எலைக்குப் போடுப்பா" என்று சொல்லணும். பெண் கேட்பது, வேலை கேட்பது எல்லாமே அப்படித்தான்.

இன்சூரன்ஸில் போட்டார்கள். க்ளெய்ம்ஸ் டேட்டாவை எக்செல்லில் சுத்தம் செய்கிற வேலை. வேகமாகச் செய்தேன். நன்றாகச் செய்தால் கவனிப்பார்கள், பிடித்ததைக் கொடுப்பார்கள் என்று நம்பினேன். நடந்தது நேர்மாறு. "இவன் இல்லாம க்ளெய்ம்ஸ் ஓடாது" என்று டீம் லீடர் என்னை விடவே இல்லை. ஜூனியர்களே, எந்த வேலையை நன்றாகச் செய்கிறீர்களோ அதுதான் திரும்பத் திரும்ப வரும். விரும்புகிற வேலை தானாக வராது.

அடுத்த வருடம், எங்கள் ஊருக்கு மேலேயே இருக்கிற கல்வராயன் மலையில் ஒரு ப்ராஜெக்ட் வந்தது. அங்கே மரவள்ளி போடுகிறவர்கள், கீழேயிருந்து வருகிற வியாபாரியிடம் கிழங்கைத் தராமல், ஒன்றாகச் சேர்ந்து ஜவ்வரிசி மில்லுக்கே நேராக விற்க முடியுமா என்று ஆராய்ந்து சொல்லணும். ஒரு அறக்கட்டளை கேட்டிருந்தது. இதில் நுழைந்தால் ரூரல் டீமுக்கே மாறிவிடலாம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

என்னோடு சேர்ந்த ஷர்மிளா, சென்னைப் பெண், கேன்டீனில் சொன்னாள்: "போய்க் கேளேன்டா. நானும் கேக்கப் போறேன், இப்பவே சொல்லிட்டேன்."

"நீ மரவள்ளிய சிப்ஸாத்தான் பாத்திருப்ப."

"அதான் போறேன். செடியாவும் பாத்துடலாம்ல?"

அவள் மைதிலி மேடம் கேபினுக்குப் போனாள். நான் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"மேல மலைக்கு ஆள் அனுப்புறாங்களா? உன்ன வுட்டா வேற யார்டா போவாங்க?"

"நான் இன்னும் கேக்கலப்பா."

"நீ இன்னாத்துக்குக் கேக்குற? நம்ம வாயால நாமளே கேட்டா மரியாத கம்மியாப் பூடும். நாலு பேரு சொல்லணும். வுடு, நான் பாத்துக்குறேன்."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்பா தெரிந்த கட்சிக்காரர் ஒருவரிடம் சொன்னார். அவர் அறக்கட்டளை அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி எங்கள் ஆபீசுக்கே போன் செய்துவிட்டார்.

மைதிலி மேடம் கூப்பிட்டார். "உன்னைப் போடச் சொல்லி கிளையன்ட்கிட்டருந்து போன் வருது. யார் சொல்லி?"

சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"வியாபாரிங்களுக்குப் பிடிக்காததை எழுத வேண்டியிருக்கும்பா. கட்சிக்காரர் சிபாரிசுல வந்த ஆள் எழுதினதுன்னு எவனாவது சொன்னா மொத்த ரிப்போர்ட்டும் போச்சு. இனிமே உன்னை இதுல போட முடியாது."

"மேடம், எனக்கு அந்த மலை நல்லாத் தெரியும்ங்க..."

"அதை என்கிட்ட சொன்னியா? ஷர்மிளா வந்து கேட்டா. நீ வரவே இல்ல. உனக்கு இன்சூரன்ஸ்தான் பிடிச்சிருக்குன்னுல்ல நெனச்சேன்!"

ஷர்மிளா போனாள். நன்றாகவே செய்தாள். மலைக்காரர்கள் இப்போது சேர்ந்து லோடு அனுப்புகிறார்கள். அவள் ரூரல் டீமில் இருக்கிறாள். நான் இன்னும் "க்ளெய்ம்ஸ் ஆளு"தான். வருடம் ஏற ஏற, வேறு டீமில் என்னை எடுக்க யோசிக்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ப்ராஜெக்டுக்கு ஆள் போடுவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள். எது வேண்டும், ஏன் வேண்டும், உங்களால் அதில் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். இப்போதைய வேலையை யாருக்குப் பழக்கிவிட்டுக் கிளம்புவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தரலாம், தராமலும் போகலாம். ஆனால் உங்கள் வாயால் கேளுங்கள்.

நடந்ததை அப்பாவிடம் நான் சொல்லவே இல்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது டீக்கடையில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"கெழங்கு நேரா மில்லுக்குப் போவுதே, எங்க பையன் செஞ்ச வேல. நான்தான் ஆள் வுட்டுச் சொல்லி அவன அதுல போட வெச்சேன்." என் பக்கம் திரும்பினார். "இன்னாடா?"

"ஆமாப்பா" என்றேன்.