மார்கழியில் ஒரு விரால்

காலையில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. "விராலுங்க, உசுரோட இருக்குதுங்க!" என்று மீன்காரர் அலுமினியக் குண்டானைத் திறந்து காட்டினார். மார்கழி மாதம். வீட்டில் கேட்காமலேயே கையசைத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தப் பாசி வாசனை மட்டும் போகவில்லை. ஆறிப்போன காபியோடு உட்கார்ந்தபடி, அதன் பின்னாலேயே மாரண்டஹள்ளிப் பக்கத்து ஏரிக்கரைவரை போய்விட்டேன்.

அப்போது உலகச் சண்டைக் காலம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் புது வாத்தியார். லீவு நாளில் மாதையனோடு தூண்டில் போடுவேன். அறுபதைத் தாண்டியவர். மயிலிறகுத் தண்டில் செய்த தக்கையை மிதக்கவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு கம்பளிக்குள் உட்கார்ந்திருப்பார். பேச்சே கிடையாது. என் தூண்டிலைப் பார்த்தால் மட்டும் வாய் திறக்கும். "வாத்யாரே, நீங்க மீன் புடிக்கிறீங்களா, மீனுக்குப் பலகாரம் போடறீங்களா?" என்பார். மறுத்துப் பேச என்னிடம் ஒரு மீன்கூட இருந்ததில்லை.

அவருடைய ஒரே மகன் வேடியப்பன் பட்டாளத்தில் இருந்தான். ஒரு மார்கழியில் திடீரென்று வந்து நின்றான். கப்பலேற்றப் போகிறார்களாம். மறுநாள் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். என்ன சாப்பிடுகிறாய் என்று அப்பா கேட்டதற்கு, "ஏரி விராலு, ஆத்தா கையால கொழம்பு. வேற ஒண்ணும் வேணாங்க" என்றான்.

ஆத்தா முனியம்மா அசையவில்லை. மார்கழி பிறந்துவிட்டால், பொங்கல் கழிந்து கரிநாளன்றுதான் அந்த வீட்டில் மறுபடி கவுச்சி. "இது சாமி மாசம். என் அடுப்புல மீன் ஏறாது. சண்டைக்குப் போற புள்ளைக்கு ஆகாது" என்றார். பிடிவாதம் என்று நாங்கள் முணுமுணுத்தோம். அது பயம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

விடிந்ததும் மூவரும் ஏரிக்குப் போனோம். பனியில் அக்கரையே இல்லை. தண்ணீரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு மாட்டு மணி, அப்புறம் அதுவும் இல்லை. வெயில் ஏறியது. மாதையனின் தக்கை தூங்கியது. அவர் மகனைப் பார்ப்பார், தக்கையைப் பார்ப்பார், மறுபடி மகனைப் பார்ப்பார்.

கடைசியில் என் தூண்டில்தான் வளைந்தது, கேளுங்கள்! பதற்றத்தில் கோலையே கை நழுவவிட்டேன். மாதையன் கம்பளியோடு இடுப்பளவு தண்ணீரில் குதித்து, முழங்கை நீள விராலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கரையிலேயே மூன்று கல் கூட்டி என் அறைச் சட்டியை வைத்தோம். மசாலாவுக்கு எங்கே போவது? விழித்துக்கொண்டிருக்கும்போது கரைமேல் முனியம்மா வந்தார். இலையில் அரைத்த மசாலா, குண்டானில் கேழ்வரகுக் களி. கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். புளி எவ்வளவு, எப்போது இறக்குவது எல்லாம் திரும்பாமலே சொன்னார். மகன் சாப்பிட்டு முடிக்கும்வரை திரும்பவில்லை.

"காரம் போதுமாடா?"

"போதும் ஆத்தா."

வேடியப்பன் சண்டையிலிருந்து திரும்பவில்லை. அடுத்த மார்கழியில் நான் தனியாக ஏரிக்குப் போனபோது முனியம்மா அந்தக் கரிந்த கற்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "மார்கழி வருசாவருசம் வருது வாத்யாரே. என் அடுப்புலயே வெச்சு, எதிர்ல ஒக்காந்து போட்டிருக்கலாம். அவன் திங்கற மொகத்தைக்கூட நான் பாக்கலியே" என்றார்.

மாதையனும் முனியம்மாவும் போய் வெகுகாலமாகிறது. ஏரியும் போய்விட்டது, மனை போட்டு விற்றுவிட்டார்கள். அங்கே கட்டிய வீடுகளில் இப்போதெல்லாம் மார்கழியிலும் மீன் குழம்பு கொதிக்கிறதாம். கொதிக்கட்டும். எதிரில் உட்கார்ந்து பரிமாறட்டும்.