தங்கம்மாளின் மணிக்கட்டு

வலங்கைமான் பக்கத்து மிராசுதார்களுக்கு ஒரு காலத்தில் தங்கம்மாள் என்றாலே கிலி. நடவு நேரம் பார்த்துப் பெண்களைக் கரையேற்றி, கூலி ஏறும்வரை ஒருத்தியையும் சேற்றில் கால் வைக்க விடாதவள். இப்போது எழுபது தாண்டிவிட்டது. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஏற்ற பருவம். ஆள் உயிரோடு இருப்பாள். மல்லுக்கு நிற்கத் தெம்பிருக்காது.

பேராசிரியை மதிவதனி அப்படித்தான் வந்தார். மறக்கப்பட்ட போராளிப் பெண்களை மீட்டெடுப்பது அவர் வேலை. இதுவரை மீட்ட அத்தனை பேரும் இறந்தவர்கள் என்பதால் தொல்லை இருந்ததில்லை. தங்கம்மாளின் கோணிப்போன மணிக்கட்டைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கியது.

"மிராசுதார் ஆளுங்க அடிச்சதாம்மா?"

"இல்லம்மா. எங்க வீட்டுக்காரரு. சங்கத்துக் கொடிக்கம்பால."

மதிவதனி ரெக்கார்டரை அணைத்தார்.

கணவர் கண்ணுசாமிதான் சங்கத் தலைவர். பெண்ணுக்கும் சம கூலி என்று தீர்மானம் போட்டுவிட்டுப் பசியோடு வந்தவருக்கு வீட்டில் சோறில்லை. தங்கம்மாள் குத்தாலத்தில் கூலிப் போராட்டக் கூட்டத்தில் மேடையேறியிருந்தாள். அவள் திரும்பி வந்ததும் கொடிக்கம்பு பேசியது.

"இத மட்டும் எழுதிடுங்கம்மா. மத்ததுக்கெல்லாம் ஊரே சாட்சி. இதுக்கு நான் ஒருத்திதான்."

"கண்டிப்பாம்மா."

புத்தகம் வந்தது. அட்டையில் அந்த மணிக்கட்டு. கீழே, 'பண்ணையாரின் தடியால் முறிந்த கை.' தங்கம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இது பொய்யில்லையாம்மா?"

"எல்லா அடியும் ஆதிக்கம்தானேம்மா. உள்ளத எழுதினா தோழருக்குச் சங்கடம், இயக்கத்துக்குக் கெட்ட பேரு."

தஞ்சாவூரில் வெளியீட்டு விழா. முதல் பிரதியும் முதல் பொன்னாடையும் தோழர் கண்ணுசாமிக்கு. ஏற்புரைக்கு அழைத்ததும் தங்கம்மாள் மைக்கைப் பிடித்தாள்.

"என் கைய மிராசுதாரு ஒடிக்கல. அவன் ஆளுங்க என் கிட்ட வரவே பயப்படுவானுங்க. ஒடிச்சது, இதோ பொன்னாடை போத்திக்கிட்டு உக்காந்திருக்காரே, இவருதான்!"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. "நெசமாத்தாங்க!" என்று கத்தினாள். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள், யாரோ விசிலடித்தான்.

எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் கண்ணுசாமி. அந்தச் சிரிப்பு மாறாமலே எழுந்து வந்து, அவள் காதோரம் குனிந்தார்.

"வூட்டுக்கு வா. இன்னொரு கை மிச்சம் இருக்குல்ல."

கேமரா மின்னியது. முதுமையிலும் என்ன ஒரு அன்னியோன்யம் என்று முன்வரிசை உருகியது. இரண்டாம் பதிப்பின் பின்னட்டைக்கு அந்தப் படம்தான் என்று மதிவதனி அங்கேயே முடிவு செய்தார். கூடவே புதிதாக ஒரு அத்தியாயமும்: 'அம்மையாரின் நகைச்சுவை உணர்வு.'