காலுக்கு நேர் கீழே

அந்தக் கட்டை விளையாட்டை நான் தொட்டதே சண்டையில்தான். கோடை விடுமுறை முழுக்க மூத்தவள் செல்போனும் கையுமாகக் கிடந்தாள். தையல் மிஷினில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். “அப்படி என்னடி இருக்கு அந்தக் கருமத்துல?” என்று போனைப் பிடுங்கினேன். ஒன்பது வயசுக்காரி, அழவில்லை. “நீயே வெளையாடிப் பாரும்மா, அப்பறம் திட்டு” என்றாள்.

விளையாடிப் பார்த்தேன். கையில் ஒன்றுமில்லாமல் ஒரு காட்டில் நிற்கிறோம். இதைச் செய், அதைச் செய் என்று சொல்ல ஆளில்லை. மண், மரம், கல், எல்லாமே சதுரக் கட்டைகள். மரத்தைக் கையால் குத்தினால் கட்டை பெயர்ந்து நம்மிடம் வருகிறது. அடுக்கினால் சுவர். பொழுது சாய்வதற்குள் நாலு சுவரும் ஒரு கதவும் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிசாசுகள் வந்துவிடும். நான் கதவு வைக்க மறந்து உள்ளேயே அடைபட்டேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சொன்னால் வெட்கக்கேடு, மூன்றாம் நாள் ஒருத்தி தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு மாடி கட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு ஜன்னலைக்கூட என் இஷ்டத்துக்கு வைத்ததில்லை. அங்கே ஏழு ஜன்னல் வைத்தேன்.

நாலாம் நாள் இரும்பு தேவைப்பட்டது. அது மண்ணுக்குள் இருக்கும் என்றாள் மகள். நின்ற இடத்திலேயே தோண்டினேன். ஆறேழு கட்டை போனதும் தரையே இல்லை. தடதடவென்று இருட்டுக்குள் விழுந்து செத்தேன்.

“காலுக்கு நேர் கீழ தோண்டாதேன்னு எத்தன தடவ சொல்றது! அடியில என்ன கெடக்குன்னு தெரியாதும்மா” என்று அதட்டினாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள். “நம்ம முந்திரித் தோப்புக் குழி மாதிரி. கல்லு போட்டா சத்தமே வராது.”

போனைக் கீழே வைத்தேன். “எந்தக் குழிடி?”

“சாக்கு போட்டு மூடியிருந்துச்சுல்ல, அது. இப்பச் சாக்கு கிழிஞ்சு போச்சு. நானும் பாப்பாவும் தெனம் கல்லு போடுவோம்.”

பாப்பா என் இளையவள். நாலு வயது. அவள் என் வயிற்றில் இருந்தபோதுதான் அந்தத் தோப்பில் போர்வெல் போட்டோம். தண்ணீர் வரவில்லை, வெறும் புகைதான் வந்தது. “கேசிங் பைப்பையாவது உருவி எடுங்க, அடுத்த போருக்கு ஆகும்ல” என்று அவரிடம் சொன்னது யார்? நான்தான். பெரிய சாமர்த்தியக்காரி! மண் சரியாமலிருக்க இறக்கியிருந்த பைப்பை உருவி, குழி வாயில் யூரியா சாக்கைப் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்தார்கள். நான் பிரசவத்துக்கு அன்னவாசலில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். வேறு இடத்தில் போட்டதில் தண்ணீர் வந்துவிட்டது என்று அங்கே போன் வந்தது. சந்தோஷத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. பிறகு அவர் சிங்கப்பூர் போனார். குழியை நான் சுத்தமாக மறந்தே போனேன்.

“பாப்பா எங்கடி?”

“பழம் பொறுக்கத் தோப்புக்குப் போயிருக்கா.”

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். தோப்பில் முதலில் யாரையும் காணவில்லை. பிறகு பம்புசெட்டுக்குப் பக்கத்தில், சருகுக்கு நடுவே அவள் கவுன் தெரிந்தது. குப்புறப் படுத்திருந்தாள். கால் தெரிந்தது, முதுகு தெரிந்தது, தலை தெரியவில்லை. பைப் இல்லாத குழியின் விளிம்பு நாலைந்து மழைக்காலத்தில் கரைந்து, சோற்றுக் குண்டான் வாய் அளவுக்கு அகன்றிருந்தது. அதற்குள் தலையை விட்டு, “கூ” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் துள்ளி எழுவாள். கடைசிப் பத்தடியைத் தவழ்ந்தேன். என் கைபட்டு மண் சரிந்து உள்ளே கொட்டியது. கணுக்காலை எட்டிப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். இழுத்ததும் முதுகில் ஒன்று வைத்தேன். அப்புறம் கட்டிக்கொண்டு, “பாவி, பாவி” என்று அழுதேன். அவளைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்லிக்கொண்டேன்.

“அம்மா, என் செருப்பு உள்ள போயிருச்சு” என்றாள் பாப்பா. “சத்தமே கேக்கல.”

அன்றைக்கே பக்கத்துத் தோட்டத்து டிராக்டரில் மண் வந்தது. ஒரு நடை பத்தவில்லை, இன்னொரு நடை அடித்தார்கள். நிரம்பும்வரை நின்று, மேலே ஏறி மிதித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, அவரையும் என்னையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன்.

“அழாத. அதான் மூடியாச்சுல்ல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “எதை மூடுன? பம்புசெட்டுக்கிட்ட இருக்கதையா, நீ அம்மா வீட்டுல இருந்தப்ப வேலியோரம் போட்டதையா?”

பாப்பாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்த மூத்தவள் நிமிர்ந்தாள்.

“வேலியோரம் உள்ளத மூடலம்மா” என்றாள். “அதுல கல்லு போட்டா சத்தம் வரும்.”