துண்டில் சுற்றிய கொக்கிகள்

கடையில் அவளுக்கு 'எதுக்கும் அக்கா' என்று பெயர். "எதுக்கும் இருக்கட்டும்" என்று சொல்லாமல் அவள் ஒரு பையைக்கூட மூடியதில்லை. காட்டுக்கும் மலைக்கும் போகிறவர்களுக்குக் கூடாரம், அடுப்பு, முதுகுப்பை எல்லாம் வாடகைக்கு விடும் கடை அது. பின்னறையில் ஒரு நீள மேசை, அதன் மேல் விட்டு விட்டு எரியும் ஒரு டியூப் லைட், அதன் அடியில் அவள். பை அடுக்குவதுதான் வேலை.

அவள் பயப்படாத பொருள் என்று ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். லிஃப்ட் பயம், நாய் பயம், காஸ் அடுப்பு பயம். போன் அடித்தால் பயம், ரொம்ப நேரம் அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், கணுக்காலுக்கு மேல் நனைந்தால் ஈரக்குலை நடுங்கிவிடும். இப்படிப்பட்டவளை எதற்கு வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் முதலாளி ஒரே பதிலைச் சொல்வார். "அந்த அக்கா பயந்து பயந்து அடுக்குறதாலதான் நம்ம ஆளுங்க எல்லாம் நல்லபடியாத் திரும்பி வர்றாங்க."

உண்மைதான். மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிடும் படுக்கையை இளவட்டங்கள் ஹேமக் என்பார்கள். அவளுக்கு அது தூளி. "எருமை மாதிரி வளந்தவனுக்குத் தூளி ஒரு கேடு" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுக்குவாள். அடியில் நனையாத உறைக்குள் போர்வை. அதை உருட்டி வைக்கக் கூடாது, மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும்படி திணிக்க வேண்டும். கனமான அடுப்பும் சாப்பாடும் நடுவில், முதுகை ஒட்டி. அதன் மேல் கொசுவலை தைத்த தூளி. தூளியை மரத்தில் மாட்டும் பட்டைகளும் கொக்கிகளும் அதற்குப் பக்கத்தில். எல்லாவற்றுக்கும் மேலே தார்ப்பாய். போய்ச் சேரும்போது மழை கொட்டினால் முதலில் தார்ப்பாயைக் கட்டிவிட்டு, அதன் கீழே நின்றுகொண்டு மற்றதைப் பிரிக்கலாம். அடுக்கி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். கை தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து. இத்தனைக்கும் அவள் ஒரு நாளும் தூளியில் ஏறியதில்லை, காட்டில் கால் வைத்ததும் இல்லை.

இவள் வயிற்றில் போய் அப்படி ஒரு மகள். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் அலுவலகத்தில் வேலை வாங்கிக்கொண்டாள். மழைக்காலத்தில் காட்டுக்குள் ஆற்றோரத்திலேயே தங்கி, காலையும் மாலையும் அளவுக்கம்பத்தைப் பார்த்து எழுத வேண்டும். தரையெல்லாம் சேறு, இரவில் தண்ணீர் எப்போது கரை ஏறும் என்று தெரியாது. அதனால் தூளியில்தான் தூங்க வேண்டும். அப்பாவிடம் சொல்லித் தடுக்கலாம் என்றால், லாரி ஓட்டும் அந்த மனிதர் மாதத்தில் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. இருக்கிற நாளிலும் மகள் கட்சி.

தடுக்க முடியாதவள் என்ன செய்வாள்? ஒளித்து வைப்பாள். ஒவ்வொரு தடவையும் மகளின் பையில், முதுகு படும் பக்கம், பழைய துண்டில் சுற்றி எதையாவது செருகிவிடுவாள். இன்னொரு போர்வை, கம்பளிக் காலுறை, ஒரு டப்பா தைலம். மகளும் லேசுப்பட்டவள் இல்லை. கிளம்பும் முன் கையை விட்டுத் துழாவி, துண்டு தட்டுப்பட்டதும் உருவிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவாள். பெருக்கும்போது அதைக் கண்டெடுத்து அலமாரியில் வைப்பாள் அம்மா. இதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

இந்தத் தடவை மட்டும் மகள் வாய் திறந்தாள். கூட வருபவனுக்குக் காய்ச்சல், அவள் தனியாகப் போக வேண்டும், பையின் எடையைக் குறைத்தே ஆக வேண்டும்.

"இந்த வாட்டி ஒண்ணும் ஒளிச்சு வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணும்மா."

"தனியாப் போறியேடி..."

"சத்தியம்."

பண்ணினாள். பண்ணியபடி நடக்கவும் செய்தாள். பைக்குள் கூடுதலாக ஒரு குண்டூசிகூட வைக்கவில்லை. ஆனால் போன தடவை கொக்கி குத்தி மகளின் தோள்பட்டைக்குக் கீழே கன்றிப்போயிருந்தது அவள் நினைவில் இருந்தது. பட்டைகளோடு கொக்கிகளையும் சேர்த்து மெத்தென்று பழைய துண்டில் சுற்றி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். சரியாகக் கையில் வந்தது.

காலையில் அலுவலக ஜீப் வந்து மகளை ஏற்றிக்கொண்டு போனது. மத்தியானம் சாப்பிடக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்த அம்மா, மனசு ஒரு நிலையில் இல்லாததால் விளக்குமாற்றை எடுத்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து துண்டு மூட்டை வந்தது. பழக்க தோஷத்தில் ஒரு கணம் சிரிப்புகூட வந்தது. "கழுதை, கண்டுபிடிச்சுட்டா."

மூட்டைக்குள் கொக்கிகள் கலகலத்தன.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரிக்காமலே தெரிந்தது, இருந்தாலும் பிரித்துப் பார்த்தாள். மகளின் போனை அழைத்தாள். காட்டுக்குள் டவர் கிடையாது என்பது தெரிந்தும் விடாமல் அழைத்தாள். பிறகு அலுவலக மேலாளரை.

"ஜீப் எறக்கி விட்டுட்டு வந்துருச்சும்மா. படிச்ச பொண்ணு, எதையாவது வச்சுக் கட்டிக்குவா. பயப்படாதீங்க."

"மழை வருதுங்களா அங்க?"

"மேல நல்ல மழைதான்" என்றார். "வண்டி காலைலதான் மறுபடி போகும்."

மேலே மழையென்றால் கீழே இரவில் தண்ணீர் வரும். மகளே சொல்லியிருக்கிறாள். தூளி தொங்கவில்லை என்றால் அவள் சேற்றில்தான் படுப்பாள். அசந்து தூங்குவாள், சின்ன வயதிலிருந்தே இடி விழுந்தாலும் எழுந்திருக்காத தூக்கம். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தைரியமில்லை. மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினாள்.

கடைசி நிறுத்தத்தில் அவள் ஒருத்திதான் இறங்கினாள். நடத்துநர், "இந்த நேரத்துல இங்க யார் வீட்டுக்குமா?" என்று கேட்டார். அவள் மரங்களைப் பார்த்து நடந்தாள். ஜீப் போகும் பாதை ஓரிடத்தில் நின்றுபோகும், அங்கிருந்து மரங்களில் சிவப்புப் பெயிண்ட் அடையாளம் இருக்கும் என்று மகள் எப்போதோ சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. பயந்தவர்களுக்கு இதெல்லாம் மறக்காது.

ஒவ்வொரு சிவப்பையும் தொட்டுத் தொட்டு நடந்தாள். இலை சலசலத்தால் நின்றாள். நிற்க இன்னும் பயமாக இருந்ததால் நடந்தாள். குறுக்கே ஒரு ஓடை வந்தது. அந்தப் பக்கத்து மரத்தில் சிவப்பு தெரிந்தது. கணுக்கால், முழங்கால், தொடை. மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதபடியே அவள் ஓடையைக் கடந்தாள். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, இறங்கும்போது தெரிந்த கல் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் தார்ப்பாய் கண்ணில் பட்டது. நாலு மூலையும் விறைப்பாக, முதல் வேலையாகக் கட்டப்பட்ட தார்ப்பாய். அதன் கீழே பையின் மேல் குந்தியிருந்த உருவம் துள்ளி எழுந்து கத்தியை நீட்டியது.

"யாரு? யாரது? கிட்ட வராதே!"

அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். துண்டு மூட்டையை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

மகளின் முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. தார்ப்பாய்க் கயிற்றை வைத்துத் தூளியைக் கட்டிப் பார்த்து, ஏறியதும் அறுந்து விழுந்திருந்தாள்.

"பிரிச்சுப் பாத்திருக்கக் கூடாதாடி பாவி?"

"ஒரே ஒரு வாட்டி பிரிச்சேம்மா. முதல் தடவை போனப்ப. உன் கம்பளிச் சட்டைய வச்சிருந்தே. அதப் பாத்துட்டு எனக்குப் போகவே மனசு வரல. அதுக்கப்புறம் பிரிக்கிறதே இல்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இந்த வாட்டியும் துண்டு தட்டுப்பட்டுச்சு, உருவிட்டேன்."

அம்மா பட்டைகளை மரத்தில் சுற்றினாள், கொக்கிகளை மாட்டினாள். பின்னறை மேசையில் போலவே இங்கேயும் அவளுக்குக் கண் தேவைப்படவில்லை, கையே செய்தது. இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள். ஆற்றின் இரைச்சல் அதற்குள் வேறு மாதிரி ஆகியிருந்தது. ஓடை மூழ்கிவிட்டதால் திரும்பிப் போகும் பேச்சுக்கே இடமில்லை.

"உனக்கு என்ன கொண்டு வந்தே?" என்றாள் மகள்.

அம்மா தன்னைப் பார்த்துக்கொண்டாள். வீட்டுச் செருப்பு, நனைந்த சேலை. குடைகூட இல்லை. ஊருக்கெல்லாம் எதுக்கும் என்று அடுக்கிக் கொடுத்தவள் தனக்கென்று ஒரு தீப்பெட்டிகூட எடுத்து வரவில்லை.

"சரி, ஏறு. ரெண்டு பேரைத் தாங்கும்னு நீதானே கடைல எல்லார்கிட்டயும் சொல்லுவே."

"அய்யோ, நான் மாட்டேன். விழுந்துரும்."

"நீ கட்டினதும்மா."

பையை ஒரு கிளையில் மாட்டிவிட்டு மகள் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றி, தானும் ஏறினாள். தூளி ஆடியது. அம்மா மகளின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக ஒரே போர்வைக்குள் கிடந்து கீழே பார்த்தார்கள். சத்தமே இல்லாமல் தண்ணீர் தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்தது. சற்று முன் மகள் பையைப் போட்டுக் குந்தியிருந்த இடத்தை மூடியது. கீழே கிடந்த பழைய துண்டைத் தூக்கியது, ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துக்கொண்டு போனது.

"அம்மா" என்றாள் மகள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் அந்தக் குரலில் பேசியதில்லை. "பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான்" என்றாள் அம்மா. "அசையாமப் படு."