போக்குவரத்து பாதிப்பு

திலகாவின் கணவன் செந்தமிழன், மானாம்பதிப் பக்கம் ஒரு கல்குவாரியில் பாறைக்குத் துளை போடும் வேலை செய்தான். இரவெல்லாம் பெய்த மழையில் ஊறிக் கிடந்த மேல்பாறை காலையில் சரிந்து அவன்மேல் விழுந்தது. ஆள் வந்து சொன்னபோது திலகா ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள். தன் முறை வரும்வரை நின்று அரிசியை வாங்கிக்கொண்டுதான் போனாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

நியாயம் கிடைக்கும்வரை உடலை வாங்க மாட்டோம் என்று காலனி ஜனங்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. உத்திரமேரூரில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராகவும் இருந்த தமிழ்வாணன் பைக்கில் வந்தான். சரிந்த இடத்தைப் படம் எடுத்தான். செந்தமிழனின் பெயர், வயது, பிள்ளை எத்தனை என்று திலகாவிடம் கேட்டு போனில் தட்டிக்கொண்டான்.

"நாளைக்கு வந்துரும்க்கா. போட்டோவோட அனுப்பறேன்."

மறுநாள் டீக்கடையிலிருந்து பேப்பர் வாங்கி வந்து மகள் ஏஞ்சல் படித்துக் காட்டினாள். உள்பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டிச் செய்தி. 'சாலை மறியலால் போக்குவரத்து பாதிப்பு. பள்ளி மாணவர்கள் அவதி.' தொழிலாளி ஒருவர் இறந்ததால் மறியல் நடந்ததாகக் கடைசி வரி சொன்னது. குவாரி என்ற சொல்லே இல்லை. அவன் பெயரும் இல்லை.

போலீஸ் சமாதானம் பேசி உடலை வாங்க வைத்தது. காரியம் முடிந்து, இறப்புச் சான்றிதழைப் பிரதி எடுக்க அவள் தமிழ்வாணன் கடைக்குப் போனாள்.

"இன்னா சார், அவுரு பேரு கூட வரல?"

"நான் முழுசாதான்க்கா அனுப்பினேன். எத்தினி பேரு செத்தாங்கன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. ஒருத்தர்னேன். அப்ப மறியல மட்டும் போடுவோம்னுட்டாங்க." மெஷினைப் பார்த்துக்கொண்டே பேசினான். "குவாரிக்காரரு தீபாவளிக்கு முழுப்பக்க விளம்பரம் குடுக்கறவரு. அத வாங்கி அனுப்பறதே நான்தான். எனக்கு சம்பளம் கெடையாது, அந்த கமிஷன்தான்."

கோபம் வரும் என்று திலகா நினைத்தாள். வரவில்லை. பிரதிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். குவாரித் தரப்பு பெரிய மனிதர்களை வைத்துப் பேசி விஷயத்தை முடித்தது. கேஸ் நடக்கவில்லை. அவள் பழையபடி நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள்.

அதற்கு அடுத்த வருடம் அதே குவாரியின் டிப்பர் லாரி, திருப்பத்தில் வந்த பைக்கை மோதித் தள்ளியது. இறந்தது தினேஷ்குமார். இன்ஜினியரிங் கடைசி வருடம். திலகா வேலைக்குப் போகும் கழனிக்குச் சொந்தக்காரி சசிரேகாவின் ஒரே மகன். அவன் மாமா கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருந்தார். சாயங்காலத்துக்குள் டிவி வண்டிகள் வந்துவிட்டன. மறுநாள் முதல் பக்கத்தில் தினேஷ்குமாரின் கல்லூரிப் படம் வந்தது. சசிரேகா மார்பில் அடித்துக்கொண்டு அழுததைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். குவாரிக்கு சீல் வைத்தார்கள்.

இதற்கு முன்னால் அங்கே யாராவது இறந்திருக்கிறார்களா என்று ஒரு டிவி நிருபர் விசாரித்தாள். தமிழ்வாணன் அவளைத் திலகாவின் வீட்டுக்கு அழைத்து வந்தான்.

"உங்க வீட்டுக்காரர் இறந்தப்போ எப்படி இருந்துச்சும்மா?"

"நல்ல மழ," என்றாள் திலகா.

"அது இல்லம்மா. உங்க மனசு எப்படி இருந்துச்சு?"

"தெரியலமா."

செந்தமிழனின் படத்தைக் கையில் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தாள். கேமராக்காரன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். அவளும் காத்திருந்தாள். கண் கலங்கவே இல்லை. வெளிச்சம் போகிறது என்று சொல்லிக் கிளம்பினார்கள். ஏஞ்சல் அந்த வாரம் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். அது வரவேயில்லை. ஒருநாள் திலகாவே டிவியை அணைத்து, "போய் படி," என்றாள்.

சில மாதங்களில் குவாரி திறந்தது. அதைப் பற்றி எதிலும் செய்தி வரவில்லை.

துக்கம் நடந்த பிறகு முதல்முறையாக சசிரேகா கழனிக்கு வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். வரப்போரம் நட்டுக்கொண்டிருந்த திலகாவின் அருகில் வந்து நின்றாள்.

"உன் வூட்டுக்காரரும் அந்த குவாரிலதான் போனாராமே?"

"ஆமாம்மா."

"யாருமே சொல்லல. தமிழ்வாணன் சொல்லித்தான் தெரியும்." நட்ட பயிரைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நீ வேலைக்கு வரலன்னு மேஸ்திரிகிட்ட சத்தம் போட்டுக்கினு இருந்தேன்," என்றாள்.

"பரவால்லமா."

சசிரேகா இன்னும் எதையோ எதிர்பார்ப்பவள் போல நின்றாள். மற்ற பெண்கள் நட்டுக்கொண்டே இரண்டு அடி தள்ளிப் போயிருந்தார்கள். திலகா ஒரு நாற்று முடியை அவிழ்த்துக்கொண்டு குனிந்தாள்.