சுறா எண்ணெய் பூசிய ரிவால்வர்

என் பெயரில் லைசென்ஸ் வாங்கி நான் வைத்திருந்த முதல் கைத்துப்பாக்கி ஒரு பழைய ஆறு குண்டு ரிவால்வர். கடைசியும் அதுதான். எழுபதுகளின் நடுவில் எங்கள் சரக்குக் கிட்டங்கியின் பூட்டை உடைத்து, காவல்காரர் மண்டையையும் உடைத்துவிட்டுப் போனார்கள். மறுவாரமே மனுப் போட்டேன். போலீஸ் விசாரணை, கலெக்டர் ஆபீஸ் என்று செருப்புத் தேய நடந்து, ஒரு வருஷம் கழித்துத்தான் லைசென்ஸ் கிடைத்தது. மதுரையில் ஒரு கடையில் செகண்ட் ஹாண்டாக வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் பெயர். இவனுக்குப் போய் யார் லைசென்ஸ் கொடுத்தது என்று மாமனார் வீட்டில் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான்.

அதை வைத்து நான் ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை. துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை. தூத்துக்குடிக் காற்று கதவுக் கீலையே தின்றுவிடும். கடைக்காரர் கொடுத்த சின்னக் குப்பி எண்ணெய் தீர்ந்திருந்த நேரத்தில் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எத்தனை மாதம் அங்கே கிடக்குமோ என்று எனக்குக் கவலை. தோணிக்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு இதற்கு ஒரே வழிதான் தெரியும். தோணியைக் கரையேற்றிப் போடுமுன் பலகைக்குச் சுறா எண்ணெய் பூசுவோம். மழையும் உப்பும் அண்டாது. அதே டின்னிலிருந்து எடுத்து ரிவால்வருக்கு உள்ளும் வெளியும் தாராளமாகப் பூசி, துணியில் சுற்றி, ஆறு குண்டோடு கொடுத்தேன்.

தேர்தல் முடிந்து திரும்ப வாங்கப் போன காலையில், ஏட்டு மூக்கைப் பொத்திக்கொண்டே எடுத்துத் தந்தார்.

"அண்ணாச்சி, துப்பாக்கியத் தந்தியளா, கருவாட்டத் தந்தியளா? பீரோவத் தொறக்க முடியல."

"துரு இருக்கா, பாரும்" என்றேன் பெருமையாக. ஒரு பொட்டுத் துரு இல்லை.

வெறும் துப்பாக்கியை எடுத்துப் போவானேன் என்று ஸ்டேஷன் வாசல் தாண்டியதும் ஆறு குண்டையும் போட்டேன். சிக்கிச் சிக்கித்தான் உள்ளே போயின. கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

அங்கிருந்து நேரே கடற்கரை. அப்பா விட்டுப்போன ஒரே தோணி அங்கே பழுது பார்க்கக் கரையேறி நின்றது. அண்ணனுக்கும் எனக்கும் சரிபாதி. இஞ்சின் வைக்க வேண்டும் என்று அண்ணன், பாயே போதும் என்று நான். ஒரு வருஷமாக இதே பேச்சு. பேசி முடிக்காமல் எதையும் தொடமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். போய்ப் பார்த்தால் பாய்மரம் இரண்டு துண்டாக மணலில் கிடக்கிறது. தச்சர்கள் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவையே அறுத்துப் போட்டதுபோல் இருந்தது.

"யாரக் கேட்டு அறுத்தண்ணே?"

"ஒன்னக் கேட்டா இந்த ஜென்மத்துல நடக்காதுலே. அதான் அறுத்தேன்."

ரிவால்வர் எப்படிக் கைக்கு வந்தது என்று நினைவில்லை எனச் சொன்னால் அது பொய். நன்றாக நினைவிருக்கிறது. துணியை அவிழ்த்தேன், நீட்டினேன். தச்சர்கள் தோணிக்குப் பின்னால் ஓடினார்கள். அண்ணன் ஓடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

"சுடுலே, பாப்போம்."

பிறகு இன்னொரு எட்டு. பிள்ளை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல ரிவால்வரை வாங்கிக்கொண்டார். "ஒனக்கு மனசு வராதுன்னு எனக்குத் தெரியும்லா" என்று சொல்லி என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். பாய்மரத்துக்காக அழுகிறேன் என்று நினைத்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே மதுரைக் கடைக்கு அதைக் கொண்டுபோனேன். கடை மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னங்க, உள்ள வார்னிஷ் ஊத்தினீங்களா? மீன் எண்ணெய் காஞ்சா இப்படித்தான் இறுகிப்போகும். டிரிக்கர் அசையவே அசையாது. ஒரு ஆத்திர அவசரத்துக்கு உதவியிருக்காதே!" என்று எனக்காக வருத்தப்பட்டார். அங்கேயே விற்றேன். லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனிடம் போய்ச் சொல் என்றார். போனேன். அண்ணி சீலா மீன் பொரித்துப் போட்டார். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இஞ்சின் வைத்த தோணி நன்றாகவே ஓடியது. அண்ணனுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கிப் படிப்பதை விட்டுவிட்டார். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். கல்யாண வீடுகளில் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு இந்தக் கதையைச் சொல்லுவார். "துப்பாக்கிய நீட்டிட்டான். ஆனா கூடப்பொறந்தவனச் சுடுவானா?" என்பார். பிறகு என் பக்கம் திரும்புவார்.

"நான் முன்னால வந்தப்ப ஒனக்குக் கை நடுங்கிச்சுல்லாலே?"

"ஆமாண்ணே" என்பேன்.

கை நடுங்கவில்லை. அவர் முதல் எட்டு வைத்தபோது டிரிக்கரை ஒரு தரம் இழுத்தேன். இரண்டாவது எட்டுக்கு இன்னொரு தரம்.